பந்தியைவிடப் பலகார டப்பா: எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு நாலு பேரோடு சாப்பிடுவது

எடைக்குறைப்பு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது கையில் ஒரு தாள் கொடுப்பார்கள். முதல் இரண்டு வாரம் திரவம், பிறகு மசித்தது, பிறகு குழைவானது, ஒன்றரை இரண்டு மாதத்தில் வழக்கமான சாப்பாடு. தினமும் குறைந்தது 60 கிராம் புரதம். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, அரை மணி நேரம் இடைவெளி வேண்டும். வைட்டமின் மாத்திரைகளை நிறுத்தவே கூடாது. எல்லாம் சரிதான். அந்தத் தாளில் வராத ஒரு ஆள் இருக்கிறார்: கையில் கரண்டியோடு இலைக்கு முன்னால் நிற்கிற பெரியம்மா.

சென்னையில் ஒருவர் எவ்வளவு சாப்பிடுகிறார் என்பதை அவர் மட்டும் முடிவு செய்வதில்லை. பாதி முடிவு பரிமாறுகிறவர் கையில் இருக்கிறது. கூட்டத்தோடு உட்கார்ந்தால் அளவு கூடுவது நமக்கு மட்டும் உள்ள பழக்கமும் இல்லை. அமெரிக்க உளவியலாளர் ஜான் டி காஸ்ட்ரோ 1980களின் கடைசியில், சாப்பிட்டதையெல்லாம் டைரியில் எழுதிவரச் சொல்லி ஆராய்ந்தார். தனியாகச் சாப்பிட்ட வேளைகளைவிட மற்றவர்களோடு சாப்பிட்ட வேளைகளில் சராசரியாக 40 சதவீதத்துக்கும் மேல் கூடுதலாக உள்ளே போயிருந்தது. அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2019-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று இன்னொரு விஷயத்தையும் சொன்னது. முன்பின் தெரியாதவர்களோடு உட்கார்ந்தால் அளவு அப்படிக் கூடுவதில்லையாம். வீட்டாரும் நண்பர்களும் பக்கத்தில் இருக்கும்போதுதான் கூடுகிறது.

அதனால் இந்தச் சிக்கலை மன உறுதி என்ற ஒற்றைச் சொல்லில் அடைத்துவிட முடியாது. இதில் ஒரு காலக் கணக்கு இருக்கிறது. உடம்பு ஒரு கணக்கில் மாறுகிறது, உறவுக்காரர்கள் வேறொரு கணக்கில் மாறுகிறார்கள். இரண்டும் மிகத் தப்பான ஒரு கட்டத்தில் வந்து சந்திக்கின்றன.

முதலில் உடம்பின் கணக்கு. ஸ்லீவ் என்று எல்லோரும் சுருக்கமாகச் சொல்லும் ஆபரேஷனில் இரைப்பையில் ஏறக்குறைய 80 சதவீதத்தை நீளவாக்கில் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுகிற குழாயில் ஆரம்பத்தில் 100 முதல் 150 மில்லி வரைதான் கொள்ளும். பைபாஸ் என்ற இன்னொரு வகையில் (இதய பைபாஸ் இல்லை) இரைப்பையின் மேல்பக்கம் 30 மில்லி அளவுக்கு, அதாவது இரண்டு டேபிள்ஸ்பூன் அளவுக்கு, ஒரு சின்னப் பையைப் பிரித்துச் சிறுகுடலோடு நேராக இணைக்கிறார்கள்.

இடம் குறைவது மட்டும் நடந்திருந்தால் விஷயம் எளிது. பசியும் மாறுகிறது. பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோனை 1999-இல் ஜப்பானின் கோஜிமா, காங்காவா குழுவினர் கண்டுபிடித்தார்கள். அது பெரும்பாலும் இரைப்பையின் மேல்பகுதியில் சுரக்கிறது. ஸ்லீவில் வெட்டி எடுக்கப்படுவதில் அந்தப் பகுதியும் அடங்கும். வெறும் டயட்டில் எடை குறைத்தவர்களுக்கு கிரெலின் ஏறுவதையும், பைபாஸ் செய்தவர்களுக்கு அது மிகக் குறைவாக இருப்பதையும் 2002-இல் அமெரிக்காவில் அளந்து காட்டினார்கள். பட்டினி கிடந்து எடை குறைத்தவரை உடம்பே திரும்பத் திரும்பச் சாப்பாட்டுக்கு இழுப்பதும், ஆபரேஷன் செய்தவர் ஆரம்ப மாதங்களில் ‘பசியே தெரியல’ என்பதும் இதனால்தான்.

ஆனால் பசி வேறு, ஆசை வேறு. நெய்யில் முந்திரி வறுபடும் வாசனைக்கு எழுகிற ஆசை மூளையின் வேலை. ஆபரேஷன் பண்ணியது வயிற்றில். ஆரம்பத்தில் பலருக்கு அந்த ஆசையும் அடங்கித்தான் இருக்கிறது. நிலைமை போகப்போக மாறும். ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு பசி மெல்லத் திரும்புகிறது, ஒரு வேளைக்குக் கொள்ளும் அளவும் கூடுகிறது. ஸ்வீடனில் 1987-இல் தொடங்கி ஆண்டுக்கணக்கில் நடந்த பெரிய ஆய்வில், பைபாஸ் செய்தவர்கள் முதல் ஓரிரு ஆண்டுகளில் உடல் எடையில் சராசரியாக 32 சதவீதம் குறைத்திருந்தார்கள். பத்தாம் ஆண்டில் அது 25 சதவீதமாக நின்றது. குறைத்ததில் பெரும்பகுதி நிலைத்துவிட்டது, ஒரு பகுதி திரும்பி வந்துவிட்டது. அந்த ஒரு பகுதிதான் இங்கே பேச்சு.

இனி உறவுக்காரர்களின் கணக்கு. மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை பலருக்கு முடி கொட்டும். வேகமாக எடை இறங்குவதன் விளைவு அது, பெரும்பாலும் பிறகு வளர்ந்துவிடும். கன்னம் ஒட்டும், கழுத்துத் தோல் தொங்கும். ‘என்னடி இது, முகமே வாடிப்போச்சு? ஒழுங்கா சாப்பிடறியா இல்லையா?’ என்று அத்தை இலையில் இன்னொரு இட்லியை வைப்பது இந்தக் கட்டத்தில்தான். வற்புறுத்தல் உச்சத்தில் இருக்கும். பரவாயில்லை, உடம்பே காவலுக்கு நிற்கிறது. மூன்று வாய் கூடுதலாகப் போனால் நெஞ்சு அடைக்கும், வாயில் நுரை நுரையாக எச்சில் ஊறும், வாந்தி வரும்.

இரண்டாம் ஆண்டில் ஆள் பார்க்க நன்றாகிவிடுகிறார். முடி வளர்ந்துவிட்டது, புதுச் சட்டை பொருந்துகிறது. ‘இப்பத்தான் எல்லாம் குறைஞ்சிடுச்சே மாப்ள, இன்னுமா டயட்டு? ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆகாது’ என்கிற குரல் அப்போது வருகிறது. பார்த்துப் பரிமாறிய வீட்டாரும் பழகிப்போய் விட்டுவிடுகிறார்கள். உடம்பின் காவலும் தளர்ந்திருக்கும் நேரம் அது. முதல் ஆறு மாதத்துக்கு எச்சரிக்கையாக இருந்துவிட்டு இரண்டாம் ஆண்டில் ஏமாறுகிறவர்கள் அதிகம் என்பதில் ஆச்சரியமே இல்லை. டயட்டீஷியனைப் பார்ப்பதையும் சரியாக அந்த நேரத்தில்தான் நிறுத்தியிருப்பார்கள்.

இலையில் உட்காரும்போது

கல்யாணச் சாப்பாடு என்றால் பயப்படுகிறவர்கள் நிறைய. என் கணிப்பில் அது அவ்வளவு பெரிய எதிரி இல்லை. ஆனால் அதன் அமைப்பே இந்த வயிற்றுக்கு எதிராக இருக்கிறது என்பது உண்மை.

இலை போட்டதும் முதலில் இறங்குவது இனிப்பு. பசியோடு உட்கார்ந்தவர் கை முதலில் அங்கேதான் போகும். பைபாஸ் செய்தவருக்கு இதைவிட மோசமான வரிசை கிடையாது. வெறும் வயிற்றில் சர்க்கரை நேராகச் சிறுகுடலுக்குப் போய்ச் சேரும், அது தன் பக்கம் நீரை இழுக்கும். அரை மணி நேரத்துக்குள் படபடப்பு, வியர்வை, தலைசுற்றல், வயிற்றுப்போக்கு. டம்பிங் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து வேறு விதமாக வரும். சர்க்கரை திடுமென ஏறியதும் இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து, ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கி, கைகால் நடுங்கும். ‘சாப்பிட்டால் டம்பிங் வரும், அந்தப் பயமே என்னைக் காப்பாற்றும்’ என்று நம்பி இருப்பவர்கள் உண்டு. எல்லோருக்கும் அது வருவதில்லை. ஸ்லீவில் இன்னும் குறைவு. வந்தவர்களுக்கும் காலப்போக்கில் மட்டுப்படலாம். அதை நம்பி ஜாங்கிரிக்குப் பக்கத்தில் உட்கார வேண்டாம்.

அடுத்தது வேகம். சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர் என்று அடுத்தடுத்து வாளிகள் வந்துகொண்டே இருக்கும். சென்னை மண்டபங்களில் இன்னொரு கூத்து உண்டு. நாம் ரசத்துக்கு வரும்போதே அடுத்த பந்திக்கு இடம் பிடிக்க ஒருவர் நம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கூடவே அவர் குழந்தை நம் இலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு வாயையும் நன்றாக மென்று, 20, 30 நிமிடம் எடுத்துச் சாப்பிட வேண்டியவருக்கு இது பெரிய சோதனை. அவசரத்தில் விழுங்கிய உருளைக்கிழங்கு அடைத்துக்கொண்டு, பட்டுப்புடவையோடு கைகழுவும் இடத்துக்கு ஓடவேண்டி வரும். கடைசிப் பந்தியில் உட்காருவது இதற்கு எளிய வழி. பின்னால் யாரும் நிற்க மாட்டார்கள், பரிமாறுகிறவர்களும் களைத்திருப்பார்கள்.

திரவமும் ஒரு தொல்லை. ரசம் சாதம், மோர் சாதம், பாயசம் எல்லாம் வழுக்கிக்கொண்டு இறங்குபவை. கெட்டியாக உட்கார வேண்டியதையும் அவை சேர்த்துக் கீழே தள்ளிவிடுகின்றன. வயிறு நிறைந்த உணர்வு வருவதற்குள் நிறைய போய்விடும். சைவக் கல்யாணத்தில் புரதம் தேடினால் பருப்பு, கூட்டு, தயிர் என்று முடிந்துவிடும். வீட்டில் ஒரு முட்டையோ பனீரோ சாப்பிட்டுவிட்டுப் போகிறவர் இலையைத் தைரியமாகப் பார்க்கலாம்.

இலையில் மிச்சம் வைப்பது நமக்கு உறுத்தும். அதனால் வேண்டாததை வைக்கவிடாமல் தடுப்பதுதான் வேலை, வைத்த பிறகு ஒதுக்குவது இரட்டைக் கஷ்டம். உள்ளங்கையை இலைக்கு மேல் குடைபோல் பிடிக்கிற பழைய சைகைக்கு எந்தப் பேச்சும் ஈடாகாது. பக்கத்தில் விஷயம் தெரிந்த ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது. ‘அவளுக்குப் போதும் சித்தி, எனக்கு வைங்க’ என்று சொல்ல ஒரு தங்கை போதும்.

நம் ஊர் மதிக்கிற ‘வேண்டாம்’

விருந்தினரை விடாமல் உபசரிக்கும் இதே ஊரில், வேண்டாம் என்றால் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும் இடங்களும் உண்டு. புரட்டாசியில் சைவமாக இருப்பவரிடம் யாரும் ‘ஒரு பீஸ்தானே’ என்பதில்லை. மாலை போட்டவர், சஷ்டி விரதம் இருப்பவர், வியாழக்கிழமை ஒரு வேளை சாப்பிடுபவர், நோன்பு வைத்திருக்கும் பக்கத்து வீட்டு பாய் என்று யாரையும் நாம் வற்புறுத்துவதில்லை. அவர்கள் பேரம் பேசுவதில்லை, அதுதான் காரணம். விரதம் என்பது ஏற்கெனவே முடிவாகிவிட்ட விஷயம்.

‘இன்னைக்கு வேண்டாம்’, ‘கொஞ்சமா வைங்க’, ‘அப்புறம் பாக்கலாம்’ என்பவை எல்லாம் பேரத்துக்குக் கதவு திறந்துவிடுகின்றன. ‘நான் இனிப்பு தொடறதில்லைங்க’ என்பது கதவைச் சாத்திவிடும். சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும், காரணம் சொல்லக் கூடாது. காரணம் சொன்னால் அதற்கு ஒரு பதில் வரும்.

ஆபரேஷனை மறைத்து வைத்திருப்பவர்களுக்கு இது கூடுதல் தலைவலி. ‘குறுக்கு வழியில குறைச்சவ’ என்ற பேச்சுக்குப் பயந்து வாக்கிங் போய்க் குறைத்தேன் என்று சொல்லி வைத்திருப்பார்கள். அப்படிச் சொன்னவரை ‘அப்போ இன்னைக்கு ரெண்டு ரவுண்டு கூட நடந்துடு’ என்று வற்புறுத்துவது எளிது. பலரும் கையாளும் வழி ‘சுகர் இருக்கு’. தமிழ்நாட்டில் இந்த இரண்டு வார்த்தைக்கு எதிர்வாதமே கிடையாது. எனக்கு அதில் பெரிய தப்பு தெரியவில்லை. இந்த ஆபரேஷனுக்கு வருகிறவர்களில் நிறைய பேருக்கு உண்மையிலேயே சர்க்கரை நோய் இருந்திருக்கும், ஆபரேஷனுக்குப் பிறகு கட்டுக்குள் வந்திருக்கும். ஒரே ஒரு குறை, அது இனிப்பை மட்டும்தான் தடுக்கும். போண்டாவைத் தடுக்காது.

பிரசாதம் தனி விஷயம். அதை மறுக்க மனம் வராது, மறுக்கவும் தேவையில்லை. அதற்குச் சம்பிரதாயமே அளவு வைத்திருக்கிறது: கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒரு சிட்டிகை. தொன்னை முழுக்கச் சர்க்கரைப் பொங்கல் சாப்பிடுவதற்கு சாமியைக் காரணம் காட்டுவது நம் வேலை.

சாயங்காலம் நாலரை மணி

இப்போது உண்மையான எதிரிக்கு வருவோம். பந்தி ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆபீஸ் மேஜை மேல் திறந்து வைத்த டப்பா நாள் முழுக்க இருக்கும்.

ஓ.எம்.ஆர். பக்கம் எந்த ஆபீஸை எடுத்தாலும் திங்கட்கிழமை காலை ஊரிலிருந்து திரும்பிய ஒருவர் இருப்பார். திருநெல்வேலி அல்வாவோடு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, மணப்பாறை முறுக்கு, கோவில்பட்டி கடலைமிட்டாய் என்று புவிசார் குறியீட்டுப் பட்டியல் பாதி அந்த மேஜையில் வந்து இறங்கும். போகிறபோது ஒன்று, வருகிறபோது ஒன்று. நாலரை மணிக்கு டீ, கூடவே மிக்சர். யாருக்காவது இன்கிரிமென்ட் வந்தால் ட்ரீட்.

சின்ன வயிறு இதற்கெல்லாம் தடை போடாதா? போடாது, சிக்கலே அங்கேதான். மிக்சர், பிஸ்கட், சிப்ஸ், ஐஸ்கிரீம் எல்லாம் வாயிலேயே மாவாகிக் கரைந்து வழுக்கி இறங்கிவிடும். கூட டீயும் குடித்தால் இன்னும் வேகம். நூறு கிராம் மிக்சரில் 500 கலோரிக்கு மேல் இருக்கிறது. அதே வயிறு 100 கிராம் வறுத்த மீனையோ கொண்டைக்கடலைச் சுண்டலையோ முடிப்பதற்குள் போதும் போதும் என்னும். ஆபரேஷன் அளவைக் கட்டுப்படுத்துகிறது, எத்தனை தடவை என்பதைக் கட்டுப்படுத்துவதில்லை. அரை மணிக்கு ஒரு கை என்று கொறிப்பவரின் எடை ஏறுவதற்கு, ஒரு நாள்கூட வயிறு முட்டச் சாப்பிட்டிருக்க வேண்டியதில்லை.

இங்கே மனிதர்கள் வற்புறுத்துவதுகூட இல்லை. ‘எடுத்துக்கோங்க’ என்று ஒரு தடவை சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். மீதி வேலையை டப்பா பார்த்துக்கொள்ளும். கண்ணில் படாத தூரத்துக்கு அதை நகர்த்துவதும், ‘அந்தப் பக்கம் டீமுக்குக் கொடுத்துடலாமே’ என்பதும் உபதேசத்தைவிடப் பயன்படும். டீ நேரத்தில் எழுந்து போகத்தான் வேண்டும், பேச்சு அங்கேதான் இருக்கிறது. வறுத்த கடலையோ அவித்த முட்டையோ கையில் கொண்டுபோனால் வாய் சும்மா இருக்காது, யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். மெரினாவுக்குப் போனாலும் இதே கதைதான். பஜ்ஜிக் கடைக்குப் பக்கத்திலேயே தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் விற்கிறார்கள். கூட்டத்தோடு நின்று கொறிக்கிற சந்தோஷம் அதிலும் குறையாமல் கிடைக்கும், ஓரளவு புரதமும் சேரும்.

பெண்களுக்கு இந்த டப்பா வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அடுப்படியில் உப்பு பார்ப்பது, குழந்தை தட்டில் விட்ட அரைத் தோசை, ‘கொட்ட மனசில்ல’ என்று முடித்துவைக்கும் நேற்றைய உப்புமா. இவை எந்தக் கணக்கிலும் வருவதில்லை. டயட்டீஷியன் கேட்டால் காலை, மதியம், இரவு என்று மூன்று வேளையைத்தான் சொல்வார்கள், சொல்வதும் பொய் இல்லை. மிச்சத்தை யார் சாப்பிடுவது என்பது எடைப் பிரச்சினை ஆவதற்கு முன்பே வேலைப் பங்கீட்டுப் பிரச்சினை. தட்டில் விட்டதை அவரவரே டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைக்கட்டும். ஆபரேஷனுக்குப் பணம் கட்டத் தயாராக இருந்த வீடு இதற்கும் தயாராக இருக்கலாம்.

தீபாவளி வந்தால் அடுக்குமாடிக் குடியிருப்பில் தட்டுகள் மாடி ஏறி இறங்கும். ரம்ஜானுக்குப் பிரியாணி, கிறிஸ்துமஸுக்குக் கேக். வாங்க மறுப்பது மரியாதை இல்லை. வாங்கிய பத்து வகையும் இரண்டு வாரம் வீட்டில் இருக்க வேண்டும் என்றும் யாரும் சொல்லவில்லை. ஒன்றைச் சுவைத்துவிட்டு மீதியை அன்றைக்கே வாட்ச்மேன், வேலைக்கு வரும் அக்கா என்று பிரித்துக் கொடுத்துவிடுவது நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கும் வழக்கம்தான்.

குடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. டீம் பார்ட்டியில் ‘சாப்பாடுதான் வேணாம், ஒரு பெக்காவது’ என்பவர்கள் உண்டு. பைபாஸுக்குப் பிறகு மது ரத்தத்தில் சேரும் வேகமும் உச்ச அளவும் கூடிவிடுகின்றன. பழைய கணக்கு செல்லாது, வண்டி ஓட்டுவது நினைக்கவே கூடாதது. அமெரிக்காவில் 2012-இல் வெளியான ஆய்வில் மதுப் பிரச்சினை உள்ளவர்களின் பங்கு ஆபரேஷனுக்கு முன் 7.6 சதவீதமாக இருந்தது, இரண்டாம் ஆண்டில் 9.6 ஆகியிருந்தது. மறுபடியும் அதே இரண்டாம் ஆண்டு.

ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம் தாண்டியவர், எடை ஏறாவிட்டாலும், டயட்டீஷியனிடம் போய் ஒரு வாரம் கொறித்ததை முழுக்க எழுதிக் காட்டுவது நல்லது. சாப்பாட்டை நினைத்தாலே குற்ற உணர்ச்சி, ஆள் இல்லாத நேரத்தில் ஒளித்துச் சாப்பிடுவது என்று போனால் மனநல ஆலோசகரிடமும் பேச வேண்டும். இந்த ஆபரேஷன்களில் ஆலோசகர் ஆரம்பத்திலிருந்தே சிகிச்சைக் குழுவில் ஒருவர், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கடைசியாக, இப்படி ஒருவரை விருந்துக்குக் கூப்பிடுகிறவர்களுக்கு. தட்டைப் பார்த்து ‘இவ்வளவுதானா’ என்று கேட்க வேண்டாம். உடம்பு இளைத்ததைப் பற்றிப் பாராட்டாகக்கூடப் பந்தியில் பேச்செடுக்க வேண்டாம், பத்து பேரின் கண் உடனே அந்தத் தட்டுக்குப் போய்விடும். மீனோ முட்டையோ சுண்டலோ ஏதாவது ஒன்று மெனுவில் இருந்தால் போதும், தனிச் சமையல் தேவையில்லை. பாத்திரங்களை நடுவில் வைத்துவிட்டு அவர்களே எடுத்துப் போட்டுக்கொள்ள விடுங்கள். மோர் கொடுப்பதானால் சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துக் கொடுங்கள்.